அழாத குழந்தையும் ஒரு டி3 எண்ணும்

குழந்தைகள் இல்லத்தில் வளரும் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். டி3 என்ற தைராய்டு ஹார்மோன், வீட்டில் வளரும் அதே வயதுக் குழந்தைகளின் சராசரியைவிடக் குறைவாக இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

இந்த மாதிரி முடிவுகளைப் பற்றிப் பேசும்போது இரண்டு வாக்கியங்கள் வழக்கமாக வந்து விழும். ஒன்று: தாயின் அரவணைப்பு இல்லாததால் ஹார்மோன் குறைந்துவிட்டது. இன்னொன்று: ஹார்மோன் குறைந்ததால்தான் இந்தக் குழந்தைகள் வளர்ச்சியில் பின்தங்குகிறார்கள். இரண்டும் ஒரே எண்ணை வைத்துச் சொல்லப்படுபவை, ஆனால் காரணமும் விளைவும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. முதலாவதை நம்பினால் இல்லத்தை மாற்ற வேண்டும். இரண்டாவதை நம்பினால் மாத்திரை போதும். எனக்கு அந்த எண்ணோடு சண்டை இல்லை. அதை வாசிக்கிற விதத்தோடுதான் சண்டை.

கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கிறேன். பாசத்துக்கும் உடல் வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்று எழுதுகிற யாரும் எல்ஸி விடோசனைத் தொடாமல் போவதில்லை. 1948ல், போருக்குப் பிந்தைய ஜெர்மனியில், பிரிட்டிஷ் வசம் இருந்த பகுதியில், இரண்டு அநாதை இல்லங்களில் அவர் பிள்ளைகளை எடை போட்டு வந்தார். முதல் ஆறு மாதம் இரண்டு இல்லத்துக்கும் ரேஷன் உணவு மட்டும். அடுத்த ஆறு மாதம் ஓர் இல்லத்துக்குக் கூடுதலாக ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு. கூடுதல் சாப்பாடு கிடைத்த பிள்ளைகள் அதிகம் எடை போட வேண்டும் இல்லையா? போடவில்லை. சாப்பாடு கூடாத இல்லத்தின் பிள்ளைகள்தான் அவர்களை முந்தினார்கள். விசாரித்தால், முதல் இல்லத்தில் இருந்த கண்டிப்பான மேற்பார்வையாளர் ஒருவர், கூடுதல் உணவு தொடங்கிய அதே நேரத்தில் இந்த இல்லத்துக்கு மாற்றலாகி வந்திருக்கிறார். கூடவே தனக்குப் பிடித்த சில பிள்ளைகளையும் அழைத்து வந்தார், அவர்கள் மட்டும் நன்றாக எடை போட்டார்கள். 1951ல் லான்செட் இதழில் வந்த கட்டுரை இது.

அருமையான கதை, நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் விமர்சகக் கண்ணோடு பாருங்கள். இல்லங்கள் இரண்டு, மேற்பார்வையாளர் ஒருவர். திட்டமிட்ட சோதனை பாசத்தைப் பற்றியதே இல்லை, ரொட்டியைப் பற்றியது. பாசம் தற்செயலாக நடுவில் வந்து நின்றது. அந்த அம்மாள் பிள்ளைகளைத் திட்டத் தேர்ந்தெடுத்த நேரமோ சாப்பாட்டு நேரம். திட்டு வாங்கி அழுத பிள்ளைகள் முழுசாகச் சாப்பிட்டார்களா என்பதே சந்தேகம். மன வருத்தம் வளர்ச்சியைத் தடுத்ததா, இல்லை தட்டில் இருந்தது வயிற்றுக்குப் போகவில்லையா என்பதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஹார்மோன் எதையும் விடோசன் அளக்கவும் இல்லை.

ஹார்மோன் வந்தது 1967ல். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பவல், பிரேசல், பிளிஸார்ட் மூவரும் 13 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எல்லாரும் வயதுக்கு மிகக் குள்ளம். பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்யவில்லையோ என்ற சந்தேகத்தில் வந்தவர்கள். பரிசோதித்தவர்களில் பலருக்கு வளர்ச்சி ஹார்மோன் உண்மையிலேயே குறைவாக இருந்தது. வீட்டிலிருந்து எடுத்து மருத்துவமனையில் வைத்ததும், ஒரு ஊசிகூடப் போடாமல், மளமளவென்று வளர ஆரம்பித்தார்கள். உளசமூகக் குள்ளம் என்று பின்னால் பெயர் வைத்தார்கள்.

இதில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த 13 பேரும் வீட்டில், பெற்றோருடன் இருந்த குழந்தைகள். அவர்கள் வளர்ந்தது ஒரு நிறுவனத்துக்குள் வந்த பிறகு. 'இல்லத்தில் வளர்ந்தால் ஹார்மோன் குறையும், வீட்டில் வளர்ந்தால் குறையாது' என்ற வாதத்துக்கு இந்த ஆய்வை ஆதாரமாகக் காட்டுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு கார்ட்டிசால் காலம். ருமேனியாவில் சௌஷெஸ்கு 1966ல் கருக்கலைப்பைத் தடை செய்தார். 1989ல் அவர் ஆட்சி விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தார்கள். அங்கே இயாஷி நகரில் ஒரு இல்லத்துக் குழந்தைகளின் எச்சிலில் கார்ட்டிசாலை அளந்தார்கள் மேரி கார்ல்சனும் ஃபெல்டன் ஏர்ல்ஸும். காலையில் உயர்ந்து இரவில் தாழ வேண்டிய ஏற்ற இறக்கம் மழுங்கிக் கிடந்தது. இது 1997ல் வெளியானது, கவனிக்க வேண்டிய வேலை. எச்சில் என்பதால் ஊசி தேவையில்லை, ஒரே நாளில் பல தடவை எடுக்கலாம். ஒற்றை அளவை நம்ப வேண்டியதில்லை, ஒரு நாளின் வடிவமே கிடைத்துவிடும்.

தைராய்டுக்கு இந்த வசதி இல்லை. ரத்தம் வேண்டும். சின்னக் குழந்தையிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை ரத்தம் எடுக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அதனால் தைராய்டு ஆய்வு என்றாலே பெரும்பாலும் ஒரு குழந்தை, ஒரு காலை, ஒரு குழாய் ரத்தம். பிறகு 'இல்லம்', 'வீடு' என்று இரண்டு சராசரிகள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

தைராய்டு எப்படி இயங்குகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்தது புரியாது. மூளையின் ஹைபோதாலமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பித் தைராய்டைத் தட்டி எழுப்புகிறது. தைராய்டு பெரும்பாலும் டி4 சுரக்கிறது. டி4 ஒரு மாதிரி சேமிப்புப் பணம். செலவுக்கான சில்லறை டி3. உடம்பில் இருக்கும் டி3யில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, சுரப்பிக்கு வெளியே திசுக்களில் டி4லிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றித் தயாராவது. ஆக, டி3 குறைந்தால் சுரப்பியில் கோளாறு என்று உடனே சொல்லிவிட முடியாது. சில்லறை மாற்றும் இடத்தில் கை இறுகியிருக்கலாம்.

எப்போது இறுகும்? பட்டினியில், காய்ச்சலில், வயிற்றுப்போக்கில், கடும் நோயில். கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறைகிறது, அதைப் பார்த்து ஹைபோதாலமஸ் சுருதியை இறக்குகிறது. அதே சமயம் டி4 செயல்படும் டி3 ஆக மாறாமல், செயல்படாத தலைகீழ் டி3 ஆகத் திரும்பிவிடுகிறது. டி.எஸ்.எச். மட்டும் எதுவும் நடக்காத மாதிரி சாதாரண எல்லைக்குள்ளேயே நிற்கும். உடம்பு சிக்கனம் பண்ணுகிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் ஹார்மோன் கொடுத்து எண்ணை மேலே தூக்குவதைப் பொதுவாக மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை.

அயோடின் பற்றாக்குறையில் காட்சி வேறு. டி.எஸ்.எச். ஏறும், டி4 இறங்கும், டி3 பல நேரம் தாக்குப்பிடித்து நிற்கும். பிறவியிலேயே தைராய்டு இல்லாத, அல்லது சரியாக உருவாகாத குழந்தைக்கு டி.எஸ்.எச். எகிறிவிடும், டி4 தரையில் கிடக்கும். பிட்யூட்டரியே மந்தமாக இருந்தால் டி4 குறைந்தும் டி.எஸ்.எச். ஏறாது. ஒரே 'தைராய்டு குறைவு' என்ற பெயருக்குப் பின்னால் இத்தனை கதைகள். அரவணைப்பு இல்லாததன் விளைவு என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் முதலில் சொன்ன சிக்கன வடிவத்தில்தான் தெரிய வேண்டும்: டி3 குறைவு, டி.எஸ்.எச். சாதாரணம். சங்கடம் என்னவென்றால், போன வாரம் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கும் அதே வடிவம்தான். குழந்தைகள் நெருக்கமாக வாழும் இல்லங்களில் யாருக்குத்தான் போன வாரம் ஏதாவது வராமல் இருந்தது?

எண் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம். சீனாவிலிருந்து அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப் போன 452 குழந்தைகளின் உடல்நிலையை லாரி மில்லரும் நான்சி ஹென்ட்ரியும் 2000ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் இல்லங்களில் வளர்ந்த பெண் குழந்தைகள். ரத்தசோகை, ஈயத்தின் அளவு, ஒட்டுண்ணிகள் என்று நீளும் பட்டியலில், சுமார் 10 சதவீதத்தினரிடம் தைராய்டு முடிவுகள் வழக்கத்துக்கு மாறாக இருந்ததும் இடம்பெற்றது. பத்தில் ஒன்று என்பது பெரிய எண்தான். அன்பின்மையின் அளவு என்று அதைத் தூக்கிப் பிடிக்க ஆசை வரும். ஆனால் சீனா எல்லா உப்பிலும் அயோடின் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தது 1990களின் நடுவில்தான். அதற்கு முன் உலகிலேயே அயோடின் பற்றாக்குறை அதிகம் இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. அந்த 10 சதவீதத்தில் எவ்வளவு உப்பு, எவ்வளவு ஊட்டச்சத்துக் குறைவு, எவ்வளவு தனிமை? அந்த எண் அதைச் சொல்லாது. சொல்வதாக அந்த ஆசிரியர்களும் கோரவில்லை. தத்து வந்த குழந்தைக்குத் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள் என்பதற்கு அது போதுமான காரணம், நல்ல காரணம்.

உப்பு என்றதும் இன்னொன்று. ஓர் இல்லத்தில் நூறு குழந்தைகள் இருந்தாலும் சமையலறை ஒன்றுதான், உப்பு மூட்டையும் ஒன்றுதான். மூட்டையில் அயோடின் இல்லை என்றால் நூறு பேருக்கும் இல்லை. புள்ளியியலில் இந்த நூறு பேரைத் தனித்தனியாக எண்ணுவதே தவறு, ஒரு வகையில் இது ஒற்றை மாதிரி. வீட்டுக் குழந்தைகள் நூறு பேருக்கு நூறு சமையலறை. இல்லத்துக் கைக்குழந்தை குடிப்பது அயோடின் சேர்த்த பால் பவுடர் என்றால், அயோடின் குறைவான தாயிடம் பால் குடிக்கும் வீட்டுக் குழந்தையைவிட அதன் நிலைமை மேலாகக்கூட இருக்கலாம். ருமேனியாவின் கார்ப்பேதிய மலைப்பகுதி கழலை நோய்க்குப் பேர் போனது. ரஷ்யாவிலோ, அங்கே இல்லங்களில் பெரிய ஆய்வு நடந்த 2000 வாக்கில், எல்லா உப்பிலும் அயோடின் கட்டாயம் என்ற சட்டம் இல்லை. சிறுநீரில் அயோடினை அளக்காமல் தைராய்டைப் பற்றி எழுதிய எந்த ஒப்பீட்டையும் நான் பாதிக்கண் மூடித்தான் படிப்பேன்.

இதோடு முடியவில்லை. இல்லத்துக்கு வரும் குழந்தைகள் அங்கே வருவதற்கு முன்பே வேறுபட்டவர்கள். குறைமாதப் பிறப்பு, குறைந்த எடை, கருவிலேயே மதுவின் பாதிப்பு, இவையெல்லாம் இவர்களிடம் அதிகம். குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த சில வாரங்கள் டி4 குறைந்தே இருக்கும். வயது எல்லைகளும் தொல்லை. கைக்குழந்தைக்குச் சாதாரண டி3 பெரியவருக்கு இருப்பதைவிடக் கூடுதல். பெரியவர்களுக்கான எல்லையை அச்சடித்து வைத்திருக்கும் ஆய்வகத் தாளில், ஒரு குழந்தையின் உண்மையான குறைவு 'நார்மல்' என்று தப்பித்துவிடும். டி.எஸ்.எச். இரவில் ஏறிப் பகலில் இறங்கும் என்பதால், இல்லத்தில் காலை ஏழுக்கும் வீட்டுக் குழந்தைகளிடம் பதினொன்றுக்கும் எடுத்த ரத்தத்தை ஒப்பிட முடியாது.

அப்போ இல்லத்தில் இருக்கும் காலத்தை வைத்துப் பார்க்கலாமே, அதிக நாள் இருந்தவர்களுக்கு அதிகக் குறைவு என்றால் இல்லம்தான் காரணம் என்று ஆகாதா? ஆகாது. ஆரோக்கியமான குழந்தைகள்தான் முதலில் தத்துப் போகிறார்கள். மூன்று வருடம் கழித்தும் அங்கேயே இருப்பவர்களில் நோயும் குறைபாடும் உள்ளவர்கள் அதிகம். யாரும் எடுத்துக்கொள்ளாததால் தங்கிய குழந்தையைப் பார்த்து, தங்கியதால் இப்படி ஆனது என்று முடிவு கட்டுவது எவ்வளவு சுலபம்!

இவ்வளவு கேள்வி கேட்பதால், இல்லங்கள் குழந்தைகளைப் பாதிப்பதில்லை என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். பாதிக்கின்றன. அதற்கான நல்ல ஆதாரம் ரத்தக் குழாயிலிருந்து வரவில்லை, பராமரிப்பை மாற்றிப் பார்த்தவர்களிடமிருந்து வந்தது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ரஷ்யக் குழுவில் ரிஃப்கத் முகமத்ரஹிமோவ், ஒலெக் பால்மோவ், நடாலியா நிக்கிஃபோரோவா, அமெரிக்கப் பக்கம் கிறிஸ்டினா குரோர்க், ராபர்ட் மெக்கால். மூன்று கைக்குழந்தை இல்லங்கள். நாம் நினைக்கிற மாதிரி அழுக்கும் பசியும் நிறைந்த இடங்கள் இல்லை. சாப்பாடு, மருத்துவம், சுத்தம் எல்லாம் ஏற்கத்தக்க நிலையில்தான் இருந்தன. இல்லாதது ஒரே ஒரு ஆள், தனக்கென்று ஒரு ஆள். பணி முறையும் இடமாற்றமும் சேர்ந்து, முதல் இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தை 60 முதல் 100 வெவ்வேறு பராமரிப்பாளர்களைப் பார்த்துவிடும். தூக்குவார்கள், குளிப்பாட்டுவார்கள், ஊட்டுவார்கள், பேச மாட்டார்கள்.

முதல் இல்லத்தில் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து அமைப்பையும் மாற்றினார்கள். சுமார் 12 பேர் இருந்த குழுவைப் பாதியாக்கினார்கள், குழந்தைக்கு நிலையான முதன்மைப் பராமரிப்பாளரை வைத்தார்கள், வயது ஏறினால் அறை மாற்றும் வழக்கத்தை நிறுத்தினார்கள். தினமும் வேறு வேலை எதுவும் இல்லாமல் குழந்தைகளோடு மட்டும் இருக்க 'குடும்ப நேரம்' ஒதுக்கினார்கள். இரண்டாவதில் பயிற்சி மட்டும். மூன்றாவதில் எதுவும் இல்லை. 2008ல் வந்த முடிவு: முதல் இல்லத்தில், பிறவிக் குறைபாடு இல்லாத குழந்தைகளின் சராசரி வளர்ச்சி ஈவு 57லிருந்து 92க்கு வந்தது. 100 என்பது சராசரிக் குழந்தை. உயரம், எடை, மார்புச் சுற்றளவும் கூடின. சாப்பாட்டை மாற்றவில்லை என்பதை நினைவில் வையுங்கள். விடோசன் தற்செயலாகத் தொட்டதை இவர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. எந்த இல்லத்துக்கு என்ன என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. அந்தக் குறையை நிரப்பியது புக்கரெஸ்ட். சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா மூவரின் தலைமையில் 136 குழந்தைகள், பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்ற பாதிப் பேருக்கு வழக்கமான பராமரிப்பு. இதன் நெறிமுறை பற்றிப் பெரிய விவாதமே உண்டு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் உயரமும் எடையும் ஒரு வருடத்துக்குள்ளேயே சாதாரண அளவை நெருங்கின. தலைச் சுற்றளவு அப்படித் திரும்பவில்லை.

தைராய்டு அளவு உண்மையிலேயே ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இந்த மாதிரி அமைப்புக்குள் வைத்து அளக்க வேண்டும். குழந்தை உள்ளே வரும் நாளில் ஒரு தடவை, பராமரிப்பு மாறி ஆறு மாதம் கழித்து ஒரு தடவை. ஒரே மணி நேரம், ஒரே ஆய்வகம், கூடவே எடை, சிறுநீர் அயோடின், அண்மையில் வந்த காய்ச்சலின் குறிப்பு. டி3 ஏறினால், சரி, பேசலாம். எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. ரஷ்யாவின் கைக்குழந்தை இல்லங்கள் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருபவை. மருத்துவர் நடத்தும் இடத்தில் ரத்தப் பரிசோதனை சுலபம், கோப்பும் தயார். பராமரிப்பாளர் எத்தனை முறை குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசினார் என்று உட்கார்ந்து எண்ணுவது கஷ்டம். எது சுலபமாக அளக்கக் கிடைக்கிறதோ அதுவே நோயின் பெயராகிவிடுகிறது.

இனி எதிர்ப்பக்கம். எண்ணை அளவுக்கு மீறி வாசிப்பது ஒரு ஆபத்து என்றால், எண்ணைப் பார்க்காமலே விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

பிறவித் தைராய்டு குறைபாடு உள்ள கைக்குழந்தை எப்படி இருக்கும்? நிறைய தூங்கும். அதிகம் அழாது. அழுதாலும் குரல் கம்மியிருக்கும். பால் குடிக்கச் சோம்பும், மலச்சிக்கல் இருக்கும், உடம்பு தளர்ந்து கிடக்கும், சிரிப்பதும் தலை நிமிர்வதும் தள்ளிப் போகும். 'தொந்தரவே பண்ணாத தங்கமான பிள்ளை' என்று வீடுகளிலேயே முதல் மாதங்களில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இப்போது இல்லத்தில் வளரும், சுரப்பியில் எந்தக் கோளாறும் இல்லாத ஒரு குழந்தையைப் பாருங்கள். அழுது அழுது யாரும் வராததால் அழுவதை விட்டுவிட்டது. கூரையைப் பார்த்தபடி கிடக்கிறது. சிரிப்பும் தலை நிமிர்வதும் தள்ளிப் போகின்றன. ருமேனிய இல்லங்களுக்குள் முதலில் போனவர்களை உலுக்கியது அங்கே இருந்த அமைதி என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

வரிசையாகத் தொட்டில்கள் இருக்கும் அறையில் இந்த இரண்டு குழந்தைகளையும் கண்ணால் பிரிக்க முடியாது. ஒருத்திக்குத் தேவை பெற்றவர் மாதிரி ஒரு ஆள். இன்னொருத்திக்கு அதோடு சேர்த்து உடனடியாக லெவோதைராக்ஸின், எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம், தினமும். பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் மூளை பெரும்பாலும் தப்பிவிடும். மாதக் கணக்கில் தாமதமானால் போனது திரும்பாது. இல்லத்துக் குழந்தைகள் இப்படித்தான் மந்தமாக இருப்பார்கள், பாசம் இல்லாத ஏக்கம் என்று ஒருவர் உச்சுக்கொட்டிவிட்டுப் போனால், அந்த இரக்கமே இரண்டாவது குழந்தையின் மூளையைத் தின்றுவிடும். 'பாசம்தான் ஹார்மோன்' என்று எழுதுபவர்கள் மேல் எனக்குள்ள உண்மையான கோபம் இதுதான். கவித்துவமாக இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் இந்தக் குழந்தைக்கு இடமில்லை.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நகரங்களில் நடத்திய ஆய்வில், சுமார் 1,130 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருந்தது. சென்னை மையத்தில் விகிதம் இன்னும் அதிகம். நாடு முழுவதும் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் கட்டாயத் திட்டம் இன்னும் வரவில்லை. மருத்துவமனையில் பிறந்து பெற்றோர் கையில் இருக்கும் குழந்தைக்கே இந்த நிலைமை. 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் மாதிரியான வழிகளில் வரும் குழந்தைக்குப் பிறந்த தேதியே தோராயம்தான். பிறந்த எடை தெரியாது, குறைமாதமா தெரியாது, அம்மாவுக்குத் தைராய்டு இருந்ததா என்று கேட்க ஆள் இல்லை. தேதி தெரியாமல் டி.எஸ்.எச். எண்ணை வாசிப்பதும் எளிதில்லை, ஏனென்றால் பிறந்த உடனே அது இயல்பாகவே எகிறி, சில நாட்களில்தான் இறங்கும். அதனால் வந்த அன்றைக்கு ஒன்று, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று என்று இரண்டு தடவை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். சாதாரண ஆய்வகத்தில் செய்யக்கூடிய பரிசோதனைதான், ஆராய்ச்சி நிதி எதுவும் வேண்டாம்.

பார்த்ததை எழுதி வைப்பதும் முக்கியம். 'தைராய்டு நார்மல்' என்று எழுதினால் பிரயோசனமில்லை. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த ஆய்வகம், டி.எஸ்.எச். எவ்வளவு, டி4 எவ்வளவு, அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா, எடை என்ன என்று எழுத வேண்டும். மாத்திரை ஆரம்பித்திருந்தால் அந்த நாளும் அளவும். குறைபாடு நிரந்தரமா தற்காலிகமா என்ற சந்தேகம் இருந்தால், மூன்று வயது வாக்கில் மருத்துவர் மாத்திரையைச் சில வாரம் நிறுத்திப் பார்ப்பார். அதற்குள் குழந்தை தத்துப் போய் வேறு ஊரில், வேறு பெயரில் இருக்கும். புதிய அம்மாவும் அப்பாவும் கோப்பை நீட்டுவார்கள். மருத்துவர் முதலில் தேடுவது அந்தப் பழைய தாளைத்தான்.